அட்லாண்டாவுல இருக்கற அம்மிணிக்கு

அம்மிணி,

நல்லாருக்கியா? நீ அனுப்புன லெட்டரும் போட்டோவும் வந்து பத்து நாளாச்சு, படிச்சுப்போட்டு ஒடனே பதில் எழுதோணும்னு நெனச்சேன், நேரம் வாய்க்கல. இன்னைக்கு 2026 ஜனவரி 11, ஞாயித்துக்கெழம, துணியத் தொவச்சுக் காயப்போட்டுட்டு வாசல்ல உக்காந்து ஃபோன்லயே அடிக்கறேன், எழுத்து தப்பா இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க. பொங்கல் நோம்பிக்கு இன்னும் நாலு நாள்தான். காப்புக்கட்டறக்கு ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பந்தழையெல்லாம் மார்க்கெட்ல கட்டு கட்டா வந்துருச்சு, நாம ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் லீவுல வேலியோரம் போயிப் பறிச்சுட்டு வருவமே, அது நாவகம் வந்துருச்சு.

அம்மாவுக்குக் கண்ணுப்பொரை ஆபரேசன் முடிஞ்சு இப்ப பேப்பர் படிக்கறா. புள்ளைங்கப்பா அதே டையிங்லதான், சாயப்பட்டறையில இருக்காரு. பெரியவ பி.காம் ரெண்டாவது வருசம், இந்த வருசம்தான் அவளுக்கு மொத ஓட்டு.

வேலை நெலவரம் கேட்டிருந்தியே. போன ஆகஸ்ட் 27-ல இருந்து அமெரிக்காவுக்குப் போற நம்ம துணிக்கு 50 சதவீதம் வரின்னு ஆச்சுல்ல, அதுல இருந்து அந்த ஆர்டரையே நம்பியிருந்த கம்பெனிகளுக்கு மூச்சு முட்டுது. திருப்பூர் வருசத்துக்கு நாப்பதாயிரம் கோடிக்குக் கிட்ட ஏத்துமதி பண்ற ஊரு, அதுல மூணுல ஒரு பங்குக்குக் கிட்ட அமெரிக்காவுக்குத்தான் போயிட்டிருந்துச்சு. எங்க யூனிட்ல ஒன்றரை ஷிப்ட் நின்னு போயி ஒத்த ஷிப்ட்டோட அனுப்பிடறாங்க. ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின் ஓட்டற டைலருங்களாவது வேற யூனிட் தேடிக்குவாங்க, மொத அடி பிசிர் வெட்டற பொம்பளைங்களுக்கும் டைலருங்களுக்குக் கூடமாட ஒதவற கைமடி ஆளுங்களுக்கும்தான், திங்கக்கெழம வெடியால கேட்டு வரைக்கும் வந்துபோட்டு, இந்த வாரம் வேலை இல்லைன்னு திரும்பிப் போறாங்க. சனிக்கெழம சம்பளத்த நம்பி மளிகைக்கடையில கணக்கு வச்சவங்க அந்தக் கடை வழியா நடக்காம சுத்திப் போறத நானே பாத்தேன், மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

இப்புடி இருக்கற நேரத்துலதான் நீ அங்க மெம்பிஸ்ங்கற ஊருக்குப் போயிட்டு வந்து எழுதுன லெட்டர் வந்துச்சு. "நானும் மனுசன்"னு அட்டைய மாட்டிட்டு வரிசையா நிக்கறாங்களே அந்தப் போட்டோ, அத எங்க செக்கிங் டேபிள்ல எல்லாருக்கும் காட்டுனேன். குப்பை லாரியில மழைக்கு ஒதுங்குன ரெண்டு தொழிலாளிங்க அந்த மிஷின்லயே நசுங்கிச் செத்துப்போனதும், அதுக்கப்பறம் 1,300 பேரு வேலைய நிறுத்துனதும், அவங்களுக்காகப் போன மார்டின் லூதர் கிங்க 1968 ஏப்ரல் 4-ல சுட்டுக் கொன்னதும் சொன்னேன். எங்களுக்குப் பக்கத்து டேபிள்ல ஒரு அக்கா, அவங்க தம்பி மாநகராட்சியில காண்ட்ராக்ட்ல குப்பை அள்றவரு, அது வாயே தெறக்காம ரொம்ப நேரம் அந்தப் போட்டோவயே பாத்துட்டு இருந்துச்சு.

எனக்கு அதுல ஒண்ணுதான் திரும்பத் திரும்ப மண்டையில ஓடிட்டே இருக்குது. 1963-ல வாசிங்டன்ல அத்தன லட்சம் பேரு கூடுனதுக்குப் பேரே வேலைக்கும் விடுதலைக்குமான பேரணிதான்னு எழுதியிருந்தியே, மணிக்கு ரெண்டு டாலர் கொறஞ்சபட்சக் கூலியும் ஓட்டும் ஒரே கோரிக்கைத் தாள்ல இருந்துருக்குது. 1965 ஆகஸ்ட் 6-ல ஓட்டுரிமைச் சட்டம் வந்துருச்சு, அதுக்கு முன்னால மிசிசிப்பியில கறுப்பின மக்கள்ல நூத்துக்கு ஏழு பேரு கூட லிஸ்ட்ல இல்ல, ரெண்டே வருசத்துல அது அறுவதுக்குக் கிட்ட வந்துருச்சுன்னா அது எவ்வளவு பெரிய விசயம். அத்தோட போதும்னு கிங் ஊட்ல உக்காரலியே, மூணு வருசம் கழிச்சுக் குப்பை அள்றவங்க கூலிக்காகத்தான போனாரு. ஓட்டு கைக்கு வந்தவனுக்குக் கூலி சரியா இல்லைன்னா அந்த ஓட்டும் கையில நிக்காதுன்னு அவருக்குத் தெரிஞ்சுருக்குது.

எங்க அமுச்சி, எங்கம்மாவப் பெத்தவ, சொன்ன கதைய உனக்குச் சொல்லியிருக்கனா தெரியல. அது சின்னப்புள்ளையா இருந்தப்ப வெள்ளக்காரன் ஆட்சியில ஓட்டுன்னா நெலவரி கட்டறவங்க, சொத்து இருக்கறவங்க, படிச்சவங்க இப்புடித்தான், காங்கயம் பக்கம் பண்ணையத்துல கடலைக்காய் பொறுக்கிட்டு இருந்த எங்காளுங்களுக்கு அது எங்க? நாடு விடுதலையாகி மொத எலக்சன் 1952-ல வந்தப்பதான் அமுச்சி மொத மொதல்ல ஓட்டுப் போட்டுச்சு. அப்பெல்லாம் எலக்சன்ல நிக்கற ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு பொட்டி, பொட்டி மேல சின்னம், சீட்ட மடிச்சு நமக்குப் புடிச்ச பொட்டியில போடோணும். அது வரிசையில நின்னப்ப நாலு ஆளுக்கு முன்னால பண்ணையக்காரரும் நின்னாராம், அவுருக்கும் ஒரே சீட்டு எனக்கும் ஒரே சீட்டுன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருக்கும். ஆனா அடுத்த நாள் வேலைக்குப் போனப்ப எப்பவும் போல களத்து மேட்டுல உக்கார வச்சு கொட்டாங்குச்சியிலதான் காப்பித்தண்ணி ஊத்துனாங்களாம். இதத்தான் அம்பேத்கர் 1949 நவம்பர் 25-ல அரசியல் நிர்ணய சபையில சொன்னாரு, குடியரசு ஆகற அன்னைக்கு நாம முரண்பாட்டுக்குள்ள நொழையறோம், அரசியல்ல சமம், சமுதாயத்துலயும் பொருளாதாரத்துலயும் சமம் இல்ல, இத சீக்கிரம் சரி பண்ணலைன்னா பாதிக்கப்பட்டவங்க இந்த ஜனநாயகத்தையே தகர்த்துருவாங்கன்னு. எங்க அமுச்சிக்கு அந்தப் பேச்சு தெரியாது, அது அனுபவிச்சுச்சு.

இப்ப நம்மூர்ல நடக்கறதச் சொல்றேன், இதச் சொல்லத்தான் உக்காந்தேன். நவம்பர் 4-ல இருந்து வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம், எல்லாரும் எஸ்ஐஆர் எஸ்ஐஆர்ங்கறாங்க, ஊடு ஊடா ஃபார்ம் குடுத்து வாங்குனாங்க. டிசம்பர் 19-ல வந்த வரைவு லிஸ்ட்ல தமிழ்நாட்டுல 97 லட்சம் பேரு பேரு இல்ல. அதுல செத்துப்போனவங்க இருக்கறாங்க, ரெண்டு எடத்துல பேரு இருந்தவங்க இருக்கறாங்க, அத எடுக்கறது நாயம்தான், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அதுல 66 லட்சம் பேரு ஊடு மாறிப் போனவங்க, தேடிப்போனப்ப ஆளில்லாதவங்கன்னு வருது. ஊடு யாரு மாறுவாங்க? சொந்த ஊடு இருக்கறவங்க மாறுவாங்களா? வேலைக்காக ஊர விட்டு வந்தவங்க, வாடகை ஐநூறு ஏத்துனா அடுத்த தெருவுக்குப் போறவங்க. எங்க ஏரியா, 15 வேலம்பாளையம்ங்கறது பேரு, அங்க லைன் ஊடுங்க பூராவும் அப்புடித்தான். பகல்ல பதினோரு மணிக்கு ஃபார்ம் குடுக்கற வாக்குச்சாவடி அலுவலர், அதான் பிஎல்ஓ, வந்தா அத்தன கதவுலயும் பூட்டுதான் தொங்கும், பாவம் அவுங்களும் அங்கன்வாடி டீச்சர், அவுங்க வேலையவும் பாத்துட்டு இதையும் பாக்கோணும், அவுங்கள நான் கொற சொல்லல.

எங்க லைன்ல மூணாவது ஊட்ல ஒரு புள்ள, திண்டுக்கல் பக்கம், ஓவர்லாக் டைலர், முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும், மூணு வருசத்துல ரெண்டு ஊடு மாறிட்டா. அவ பேரு இல்ல. போன வாரம் பொழுதோட வேலைய முடிச்சுட்டு வந்து என்னைய "அக்கா கொஞ்சம் பாருங்க"ன்னா. புதுசா சேக்கறக்கு ஃபார்ம் 6, கூட ஒரு உறுதிமொழித் தாளு, அதுல 2002, 2005-ல எடுத்த பழைய லிஸ்ட்ல அவ அம்மா அப்பா பேரு எங்க இருக்குதுன்னு பாகம் எண், வரிசை எண் எழுதோணும். ரெண்டு பேரும் என்ற ஃபோன்ல தேடுனோம், அந்த லிஸ்ட்டு மங்கலா ஸ்கேன் பண்ணுனது, பெருசு பண்ணுனா எழுத்து ஒடையுது. ஊரு பேரு, தெரு பேரு பாத்து ஒவ்வொரு பக்கமாத் தள்ளிட்டே போனோம், கரண்டு போயி வந்துச்சு, சோறு ஆறிப்போச்சு. பத்தரை மணிக்குப் பக்கம்போல "நில்லுங்கக்கா"ன்னா. அவங்கம்மா பேரு. பக்கத்துல க ன்னு போட்டு அவங்கப்பா பேரு, ஊட்டு நெம்பரு, வயசு 29. அந்தம்மா செத்து எட்டு வருசம் ஆச்சாம். அவ வெரல வச்சு அந்த வரிய அப்புடியே தொட்டுட்டு, எங்கம்மாளுக்கு இப்ப என்ற வயசு அக்கான்னா. ரேசன் கார்டுல அப்பா பேருதான் தலைப்புல இருந்துச்சு, நெலம் கெடையாது, பேங்கு புக்கு கெடையாது, அந்தம்மா பேரு தனியா அச்சுல வந்த ஒரே எடம் அந்த வாக்காளர் லிஸ்ட்டுதான். நான் அந்தப் பக்கத்த ஸ்கிரீன்சாட் எடுத்து அவளுக்கு அனுப்பி வச்சேன்.

அப்பறம் ஊட்டுக்காரர்கிட்ட விலாசத்துக்கு ஒரு சீட்டு கேட்டா வாடகை ஒப்பந்தமெல்லாம் குடுக்கறதில்லைங்கறாரு. கேஸ் புக்க வச்சு சமாளிச்சிருக்கறோம்.

ஓட்டு இருந்தா மட்டும் போதுமான்னு நீ கேக்கலாம். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கெழம, தமிழ்நாடு பூரா ஒரே நாள்ல எலக்சன், எனக்கு அப்ப ஓட்டு காங்கயம் பக்கம்தான் இருந்துச்சு. அப்ப நான் இருந்த கம்பெனியில லீவு விட்டாங்க, ஆனா பீஸ் ரேட்டுக்காரங்களுக்குச் சம்பளம் கெடையாது, வர்ற ஞாயித்துக்கெழம வந்து ஈடு கட்டோணும்ன்னுட்டாங்க. பஸ்ஸுக்குக் காசு, ஒரு நாள் கூலி, ஞாயித்துக்கெழம ஓய்வு மூணும் போச்சு. பொறவுதான் ஒரு வக்கீலம்மா சொன்னாங்க, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவுன்னு இருக்குதாம், ஓட்டுப் போடற நாள் சம்பளத்தோட லீவு, தினக்கூலிக்கும் உண்டு, 1996-லயே வந்தது. மீறுனா மொதலாளிக்கு அபராதம் எவ்வளவுன்னா ஐநூறு ரூவா வரைக்கும்தான். ஒரு டைலரோட ஒரு நாள் கூலிக்கும் கம்மியா அபராதம் வச்சா எவன் பயப்படுவான் சொல்லு? அது மாறோணும் அம்மிணி, அத கண்டிப்பா கேக்கோணும், இந்த எலக்சனுக்கு ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட நான் கேக்கத்தான் போறேன்.

எங்க யூனிட்ல பாதிப் பேரு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் புள்ளைங்க. அவங்க ஊர்ல எலக்சன்னா ரயில்ல ரெண்டு மூணு நாள், போக வரக் கூலி போச்சு, அதனால முக்காவாசிப் பேரு போறதில்ல. வெளியூர்ல இருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடறக்கு ஒரு மிஷின், 72 தொகுதிக்கு ஒரே மிஷின்னு 2023 ஜனவரியில தேர்தல் கமிசன்காரங்க கட்சிகளக் கூப்புட்டு காட்டறேன்னாங்க, கட்சிங்க ஒத்துக்கல, அத்தோட நின்னு போச்சு. இங்கயே பேரு சேத்தா நம்மாளுங்க செலரு சண்டைக்கு வர்றாங்க. எனக்கும் மொதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பத்து வருசமா இங்கயே குடும்பத்தோட இருந்து, புள்ளைய நம்ம கார்ப்பரேசன் பள்ளிக்கூடத்துல தமிழ் மீடியத்துல சேத்தவனுக்கு இந்தத் தெரு சாக்கடையப் பத்திப் பேச உரிமை இல்லைன்னு எந்த வாயில சொல்றது? சட்டமே வழக்கமா எங்க குடியிருக்கறானோ அங்கன்னுதான் சொல்லுது. அவனால எங்கயுமே ஓட்டுப் போட முடியலைங்கறதாலதான் அவன கம்மிக் கூலிக்கு வச்சு, அதக் காட்டி எங்க கூலியவும் அமுக்கறாங்க, இத எங்க டேபிள்ல இப்ப எல்லாருமே புரிஞ்சுக்கிட்டாங்க.

ஓட்டுனால என்ன வந்துச்சுன்னு இங்கயும் கேக்கறவங்க உண்டு. 2021-ல இருந்து பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் இலவசம், அதுக்கப்பறம்தான் அவினாசி, ஊத்துக்குளி பக்கத்துக் கிராமத்துல இருந்து புள்ளைங்க தைரியமா வேலைக்கு வர்றாங்க, பஸ் காசு மிச்சம்ன்னு அத சீட்டு போடறாங்க. காலைச் சோறு பள்ளிக்கூடத்துலயே போடறதால வெடியால ஆறு மணிக்கு அடுப்போட மல்லுக்கட்டாம ஷிப்டுக்கு வர முடியுது. பொம்பளைங்க வரிசையில நின்னு ஓட்டுப் போடறதாலதான் இதெல்லாம் வந்துச்சு. இன்னும் வர வேண்டியது எவ்வளவோ இருக்குது, வேலை கொறஞ்ச காலத்துல பாதிக் கூலியாவது கெடைக்கோணும், ஒரே மிஷின் ஓட்டற ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலி வரோணும், சட்டம் 1976-லயே வந்தும் இன்னும் எங்க லைன்ல வரல.

சரி, பேரு சேக்கறக்கு ஜனவரி 18 வரைக்கும்தான் டைம் குடுத்துருக்காங்க, எங்க லைன்ல இன்னும் ஆறு பேரு பாக்கி. நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கறேன், அந்தத் திண்டுக்கல் புள்ளையவும் கூட்டிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போறேன், பிஎல்ஓ பதினோரு மணிக்கு வருவேன்னு சொன்னாங்க. உன்ற பேரு கோபிச்செட்டிபாளையம் லிஸ்ட்ல இருக்குதான்னு உன்ற தம்பியப் பாக்கச் சொல்லு, நீ இன்னும் நம்ம நாட்டு பாஸ்போர்ட்தான வச்சுருக்கற, வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு ஃபார்ம் 6ஏ இருக்குது, பேரு சேத்துக்கலாம், ஆனா ஓட்டுப் போடறக்கு நேர்லதான் வரோணும். எலக்சன் வேசக்கால வெயில்லதான் வரும், அப்ப ஊருக்கு வர்ற மாதிரி டிக்கெட் போடேன், என்ற மகளோட மொத ஓட்டுக்கு நீயும் கூட வா, மூணு பேரும் ஒண்ணாப் போலாம்.

உன்ற பழைய பெஞ்சுக்காரி