ருய்ஆன் மர அச்சுக்காரர்களுக்கு வேலை கொடுங்கள்

சீனாவின் செஜியாங் மாகாணம், ருய்ஆன் நகரப் பண்பாட்டுத் துறையினருக்கு,

வணக்கம். நான் தமிழ்நாட்டில் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன். உங்கள் ஊருக்கு வந்ததில்லை. ஆனால் தோங்யுவான் கிராமத்தில் ஒருவர் மர எழுத்துகளை அடுக்கிப் பக்கம் கட்டுவதைக் காணொளியில் பார்த்தபோது, என் வலது கை தானாகவே கேஸை, அதாவது எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் பெட்டியை, தேடியது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு அறைகள் சில நூறுதான். எந்த எழுத்து எங்கே கிடக்கிறது என்பது ஒரு வருடத்தில் கைக்குப் பழகிவிடும். உங்கள் ஆட்களுக்கோ ஆயிரக்கணக்கில் எழுத்துகள். அவை இருக்கும் வரிசையை நினைவில் வைக்க ஒரு பாட்டே கட்டி வைத்திருக்கிறார்கள். அதை உள்ளூர்ப் பேச்சில் முணுமுணுத்துக்கொண்டே எழுத்தை எடுப்பார்களாம். எங்களுக்கு இப்படித் தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

1298-இல் வாங் சென் என்ற அதிகாரி, சுமார் 60,000 எழுத்துகள் வரும் ஒரு வட்டார வரலாற்றை மர எழுத்தில் கோத்து, ஒரு மாதத்துக்குள் நூறு படி அச்சிட்டார். அந்த வித்தை உங்கள் பக்கத்தில் இன்னும் சோறு போடும் தொழிலாக இருக்கிறது, அதுவும் ஒரு குலத்தின் தலைமுறைகளைப் பதியும் குலவரலாற்று நூல்களால். காட்டுப் பேரி மரத்தில் இடவலம் மாற்றி எழுதிச் செதுக்குகிறார்கள். கோத்த பக்கத்தில் மை தடவி, மேலே சுவான் என்ற சீனத் தாளை விரித்து, உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுக்கிறார்கள். அப்புறம் தகப்பன் பெயரிலிருந்து பிள்ளை பெயருக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. தாளை வெட்டித் தைப்பது பெண்கள். வேலை முடிந்தால் சடங்கு செய்து, நூலைப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள்.

2010-இல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தபோது, முழு வேலையும் தெரிந்தவர்கள் 11 பேர், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். 2024-இல் அந்தப் பட்டியலிலிருந்து மூன்று சீனக் கலைகள் ஆபத்து நீங்கியவையாக வெளியே வந்தன. மர அச்சு அந்த மூன்றில் இல்லை.

சுற்றுலா வருபவரின் பெயரைக் கோத்து ஒரு தாளில் அடித்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. நாலு காசு வரட்டும். ஆனால் மூன்று எழுத்தை எடுத்து வைக்கத் தெரிந்தவர் அச்சுக்காரர் ஆகிவிட மாட்டார். குலநூலுக்குப் பழைய இலக்கணம் தெரிய வேண்டும், வரலாறு தெரிய வேண்டும். அது வேலை செய்துதான் வரும்.

எங்கள் அச்சகத்தில் கணினி வந்த வருடம், முதலாளி எழுத்தையெல்லாம் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எழுத்து இருந்தது, கோக்க நாங்கள் இருந்தோம், அச்சடிக்க ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வரவில்லை. ஈயத்துக்காவது எடைக்கு விலை உண்டு. மர எழுத்து அடுப்புக்குத்தான் போகும்.

அதனால் கேட்கிறேன்: காட்சிக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஆர்டருக்குத் திருப்புங்கள். ஒரு குலத்தார் நூலைப் புதுப்பிக்க நினைத்து விலை விசாரிக்கிறார்கள். கணினி அச்சு மலிவு என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்டினால் என்ன? அரிதான எழுத்தில் பெயர் வைத்துக்கொண்ட ஒரு பாட்டனார் எப்படியும் இருப்பார். கணினியில் அந்த எழுத்து அகப்படாமல் போனால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். உங்கள் அச்சுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே செதுக்கிவிடுவார். இதைக் குலத்தாரிடம் எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.

இன்னொன்று, வெளியாள் சொல்வதாக நினைக்க வேண்டாம். பழைய குலநூல்களில் மகள்களின் பெயர் பெரும்பாலும் வராது. இப்போது சில குலங்கள் சேர்க்கின்றன. விட்டுப்போன பெயர்களைச் சேர்த்துப் புதிதாக அச்சிட முன்வரும் குலங்களுக்கு முதல் உதவி கொடுங்கள். நிறையப் பக்கங்கள் கூடும், கோக்க நிறைய வேலை இருக்கும். ஊசியும் நூலும் பிடித்த பெண்களில் யாராவது உளியைக் கேட்டால், அதையும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் அச்சுக்கோப்பாளர்