செயலாளர் ஆண்டறிக்கை: எம் 33-ஓடு போன ஒரு வருஷம்

எல்லோருக்கும் வணக்கம். கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக எம் 33-க்கு வந்துவிடுகிறேன், இந்த வருஷம் நாம் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

முக்கோண விண்மீன் குழுவில், சுமார் 27 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் இந்தச் சுருள் அண்டம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கைகளை விரித்துக் காட்டுவதால், எங்கே நட்சத்திரம் பிறக்கிறது என்று தேடுவது சுலபம். நான்கு இரவுகள் ஹைட்ரஜன்-ஆல்பா ஃபில்டரில், அதாவது புதிதாய்ப் பிறந்த பெரிய நட்சத்திரங்களைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு ஒளிரும் 656.3 நானோமீட்டர் சிவப்பில், படம் எடுத்தோம். முதல் இரவு லென்ஸில் பனி படிந்ததைக் கவனிக்காமல் மூன்று மணி நேர உழைப்பு குப்பைக்குப் போனது. (யார் பொறுப்பு என்று கேட்காதீர்கள். செயலாளர்தான்.) மற்ற இரவுகளில் எம் 33-க்குள் நட்சத்திரம் பிறக்கும் பெரிய வாயுப் பகுதியான என்ஜிசி 604 பளிச்சென்று விழுந்தது: 1784-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது, குறுக்களவு சுமார் 1,500 ஒளியாண்டு, உள்ளே 200-க்கும் மேல் ராட்சத நட்சத்திரங்கள். நம் படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு, அவ்வளவுதான்.

அப்புறம்தான் வேடிக்கை. நட்சத்திரத்துக்கு மூலப்பொருளான மேகங்களில் இருக்கும் குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு தன்னைக் காட்டிக்கொள்ளாது, கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடுதான் 1.3 மில்லிமீட்டர் அலையில் அதைக் காட்டிக்கொடுக்கும். ஸ்பெயினில் உள்ள ஐராம் 30 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி எடுத்த அந்த வரைபடத்தை நம் படத்தின் மேல் போட்டோம். தூரத்திலிருந்து பார்த்தால் கை நெடுக இரண்டும் சேர்ந்தே ஓடின, பெரிதாக்கினால் பொட்டு ஒரு பக்கம், மேகம் ஒரு பக்கம். படம் நகர்ந்துவிட்டது என்று இரண்டு ஞாயிறு சண்டை போட்டு, நட்சத்திரப் பட்டியலை வைத்து மறுபடி மறுபடி பொருத்தியும் அப்படியேதான் இருந்தது.

சரி, பிழை நம்முடையதல்ல. சுமார் 1,000 ஒளியாண்டு அகலத்தைவிடச் சிறிய இடங்களாகப் பிரித்துப் பார்த்தால் எம் 33-இல் இரண்டும் பிரிந்துவிடும் என்று 2010-லேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் வயசுக் கோளாறு. மேகம் மட்டும் தெரிகிற இடத்தில் பெரிய நட்சத்திரங்கள் இன்னும் பிறக்கவில்லை, சிவப்பு மட்டும் தெரிகிற இடத்தில் பிறந்தவை புற ஊதா ஒளியாலும் தம்மிடமிருந்து வீசும் துகள் காற்றாலும் தொட்டிலையே கலைத்துவிட்டன. 2024-இல் வந்த ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்களில் என்ஜிசி 604 முழுக்கக் குமிழியும் குழியுமாக இருப்பது இதனால்தான்.

அடுத்த வருஷம் ஆக்சிஜன் ஃபில்டரிலும் எடுக்கலாம் என்று பேச்சு. அதற்கு முன்னால், பனி படியாமல் காக்கும் ஹீட்டர் பட்டை ஒன்று வாங்கத் தீர்மானம் முன்மொழிகிறேன். யாராவது வழிமொழியுங்கள்.