தம்பிக்கு, உச்சிப்புளியிலிருந்து

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம்.

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். மேலத்தெருப் பையன் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறான். சாயல்குடிக் கருப்பட்டியும் நெத்திலிக் கருவாடும் அவனிடம் கொடுத்திருக்கிறோம்.

பத்திரத்தை மீட்டாகிவிட்டது. பீரோவில் பழைய இடத்திலேயே இருக்கிறது. இனி அதற்காக நீ ஓவர்டைம் பார்க்க வேண்டியதில்லை.

போன வெள்ளிக்கிழமையும் இருட்டு அறையில் உட்கார்ந்துதான் வீடியோவில் பேசினாய். கூட இருக்கிற பையன்கள் தூங்குகிறார்கள் போல என்றாள் அம்மா. நானும் ஆமாம் என்றேன்.

டேங்குக்குள் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வெல்டிங் வேலை என்றாய். முகமூடி முன்பக்கம்தான் மறைக்கும். உனக்குப் பின்னால் ஒருத்தன் ஆர்க் அடித்தால், அந்த வெளிச்சம் பளபளக்கிற தகட்டில் பட்டு உன் முகமூடிக்குள்ளேயே வந்து விழும். நடுவில் திரை கட்டச் சொல். அடிக்கிற நேரம் ஒன்றும் தெரியாது, ஆறு மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். அப்படி வந்தால் கசக்காதே. மரத்துப்போகிற சொட்டு மருந்தை யாராவது கொடுத்தால் திரும்பத் திரும்ப விடாதே. வலி தெரியாது, ஆனால் புண் ஆறாது. டாக்டரிடம் போ.

புகையும் அப்படித்தான். நம்மூர் உப்புக்காற்றுக்குத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் போட்டால்தான் கேட் நிற்கும். அதை அடித்த நாளெல்லாம் எனக்கு வாய் இனிக்கும், ராத்திரி குளிரெடுத்துக் காய்ச்சல் வரும், மறுநாள் சரியாகிவிடும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று முப்பது வருஷம் குடித்தேன். பால் வயிற்றுக்குத்தான் போகிறது, நெஞ்சுக்குப் போவதில்லை! எஸ்.எஸ். புகை அதைவிட மோசம், அதில் குரோமியம் இருக்கிறது. 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெல்டிங் புகையைப் புகையிலை இருக்கிற வரிசையிலேயே வைத்துவிட்டதாம், அக்கா போனில் படித்துக் காட்டினாள். கைக்குட்டை கட்டினால் போதாது. ஃபில்டர் வைத்த மாஸ்க் கேட்டு வாங்கு. வெல்டிங்குக்கு விடுகிற ஆர்கன் வாயு காற்றைவிடக் கனம், டேங்கின் அடியில் தங்கும். வாசனை கிடையாது. புளோயர் ஓடாமல் இறங்காதே. வெளியே ஒருத்தன் நிற்காமலும் இறங்காதே.

பைப் வெல்டிங்கில் கஷ்டமான சிக்ஸ் ஜி டெஸ்ட்டை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியவன் நீ. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். புதுப் பாம்பன் பாலத்தைப் பார்க்கும்போதுகூட, இந்த ஜாயிண்டை என் பையன் இன்னும் சுத்தமாகப் போட்டிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. அவ்வளவு கை சுத்தம் உள்ளவனுக்கு உடம்பு மட்டும் அலட்சியமா? அம்மாவிடமாவது உண்மையைச் சொல்லக் கூடாதா? கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டே "தூசிம்மா" என்கிறாய்.

கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது.

மண்டபத்தில் டீச்சர் வீட்டு கேட். உனக்கு ஒன்பதாவது லீவு. நீ மூலைமட்டம் பார்த்துப் பைப்பைப் பிடித்தாய், நான் பைப் நகராமல் இருக்கப் பொட்டுப் பொட்டாக டேக் வெல்டு போட்டேன். அவசர வேலை என்று முகமூடியைப் பட்டறையிலேயே விட்டிருந்தேன். ஒவ்வொரு டேக்குக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன், அது பழகிய வித்தை. உன்னை மூடச் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை தம்பி. நீ கண்ணை மூடினால் மட்டம் நகர்ந்துவிடும் என்று சொல்லாமல் இருந்தேன்.

அன்று ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு விளக்கை அணைக்கச் சொன்னாய். அம்மா உருளைக்கிழங்கைச் சீவிச் சீவிக் கண்மேல் வைத்தாள். பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டாள். தொழில் பழகினால் இதெல்லாம் வரும் என்று நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

கருவாட்டில் ஈரம் படாமல் வை. வெள்ளிக்கிழமை வழக்கம்போல அம்மாவிடம் பேசு. அவள் படுத்த பிறகு எனக்குத் தனியாக ஒரு போன் போடு. எத்தனை மணியானாலும் முழித்திருப்பேன்.

அப்பா