உடைந்த பிராக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டும் பந்தயக் காருடன் புது சீசனுக்குத் தயாராவதாகப் போன ஞாயிற்றுக்கிழமை படத்துடன் செய்தி போட்டிருந்தீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அந்த அணிக்குப் போன வருடம் முழுவதும் கடைசல் வேலை செய்து கொடுத்தவன் நான். படத்தில் வராத சில விஷயங்களை எழுதலாம் என்று தோன்றியது.

எனக்குப் பாபநாசத்தில் லேத் பட்டறை. டிராக்டருக்குக் கேஜ் வீல் (சேற்று வயலில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) கட்டுவது, அறுவடை மெஷினுக்கு ஷாஃப்ட் கடைவது, பம்ப்செட் வேலை, இதுதான் பிழைப்பு. போன வருடம் நாலு பையன்களும் ஒரு பெண்ணும் பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கி, ஒரு அலுமினியத் தண்டை நீட்டி, "அண்ணே, இதுல சரியா 20 மில்லிமீட்டர் ஓட்டை வேணும். அரை மில்லி கூடினாலும் எங்களை ஓட விட மாட்டாங்க" என்றார்கள். இன்ஜினுக்குள் போகிற காற்று முழுவதும் அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் போக வேண்டுமாம். 710 சிசி வரை இன்ஜின் வைத்துக் கொள்ளலாம், ஆனால் காற்றை 20 மில்லியில் கட்டிப் போட்டு விடுகிறார்கள். பெரிய இன்ஜின் வாங்க வசதியுள்ள கல்லூரி அதை வைத்தே ஜெயித்து விடக் கூடாது, மூளையை வைத்து ஜெயிக்கட்டும் என்பதுதான் நோக்கம் போலும். எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப் போனது. ஓட்டைக்கு முன்னால் புனல் மாதிரி குறுகி, பின்னால் மெதுவாக விரிய வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து கடைந்து கொடுத்தேன்.

ஜனவரியில் கோவை செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ஓடுபாதையில், மாணவர்கள் கட்டிய கார்களுக்கான போட்டி. மகனைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். ஓட்டத்துக்கு முன்பே எத்தனை சோதனை! காரை 60 டிகிரி சாய்த்து வைக்கிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகக் கூடாது. ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றி 5 விநாடிக்குள் வெளியே வந்து நிற்க வேண்டும். பிரேக் மிதித்தால் நாலு சக்கரமும் ஒரே சமயம் பூட்டிக்கொள்ள வேண்டும். மொத்தம் 1000 மதிப்பெண்ணில் டிசைனை விளக்குவதற்கும் செலவுக் கணக்கு காட்டுவதற்கும் கூட மதிப்பெண் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் விட அதிக மதிப்பெண் 22 கிலோமீட்டர் ஓடும் எண்டூரன்சுக்குத்தான். பாதியில் ஓட்டுநர் மாறுவார், கார் அதேதான். அதை ஓடி முடிக்காமல் நிற்கிற கார்கள்தான் நிறைய.

எங்கள் காரும் நின்றது. சக்கரத்தைச் சுற்ற வைக்கும் சங்கிலி இழுக்கிற இழுப்பைத் தாங்க வேண்டிய பின்பக்கத்துப் பிராக்கெட், அதாவது தாங்கு தகடு, உடைந்து போனது. எடையைக் குறைக்க அதில் சதுர ஓட்டை போட்டிருந்தார்கள். அந்த ஓட்டையின் கூரான மூலையில்தான் விரிசல் ஆரம்பித்திருந்தது. அந்தப் பிராக்கெட்டை வெட்டியது என் பட்டறை. வரைபடத்தைப் பார்த்தபோதே மூலையை வளைத்து விட்டால் நல்லது என்று மனசில் பட்டது. கேஜ் வீலில் விரிசல் எங்கே விடும் என்று 26 வருடமாகப் பார்த்து வருகிறவன் நான். படித்த பிள்ளைகள் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று வாயைத் திறக்காமல் இருந்து விட்டேன். அது என் தவறு. அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் அந்த ஐந்து பேரும் படிப்பு முடித்துப் போய் விட்டார்கள். ஜூலையில் புது அணி வந்தது, எல்லாரும் இரண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகள். கையில் வரைபடம். பார்க்கிறேன், அதே பிராக்கெட், அதே தடிமன், அதே சதுர ஓட்டை. "தம்பி, இது உடைஞ்சது தெரியுமா?" என்றேன். சங்கிலி கழன்று கார் நின்றது என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். எதனால் கழன்றது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அலமாரியில் எடுத்து வைத்திருந்த உடைந்த துண்டைக் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் ஆள் மாற்றி ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

மாணவர் அணிக்கு மற்ற பந்தய அணிகளுக்கு இல்லாத கஷ்டம் இது. அங்கே மெக்கானிக் பத்து வருடம் இருப்பார், போன சீசனின் பாடம் அவர் கையிலேயே இருக்கும். இங்கே வருடா வருடம் தெரிந்தவர்கள் எல்லாரும் வெளியே போய் விடுகிறார்கள். கல்லூரிகள் கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கின்றன. பக்கத்திலேயே உடைந்த சாமானுக்கும் ஒரு அலமாரி வையுங்கள் என்று கேட்கிறேன். எந்தச் சுற்றில், எப்படி, எதனால் உடைந்தது என்று ஒரு சீட்டு கட்டித் தொங்க விட்டால் போதும். கடைசி வருடப் பிள்ளைகள் பழைய காரைப் புது அணி முன்னால் ஒரு தடவை முழுசாகப் பிரித்துக் காட்டி விட்டுப் போக வேண்டும்.

அப்புறம், காலம். போட்டி ஜனவரியில் என்பதால் பிள்ளைகள் மார்கழியில் ஓடி வருகிறார்கள். அந்த நேரம் சம்பா அறுவடைக்காக எங்கள் வாசலில் மெஷின்கள் வரிசையாக நிற்கும். முற்றின கதிரை வைத்துக்கொண்டு நிற்கிற விவசாயியிடம் நாளைக்கு வா என்று சொல்ல முடியாது. மேட்டூர் திறந்து நடவு முடியும் வரை கேஜ் வீல் வேலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் டெல்டாப் பட்டறைகள் சும்மா இருக்கும். அதற்குள் பைப்பையும் வரைபடத்தையும் கொண்டு வந்து விட்டால், கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் நல்ல ஆர்கான் வெல்டிங் கைகள் இருக்கின்றன, நிதானமாகச் செய்து கொடுப்பார்கள். மார்கழி முழுக்கக் காரை ஓட்டிப் பார்க்கலாம். போன தடவை லாரியில் ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்புதான் கார் முதல் தடவையாக நகர்ந்தது. அந்தப் பிராக்கெட் இங்கேயே உடைந்திருந்தால் இங்கேயே மாற்றியிருப்போம். ஓட்டிப் பார்க்க, கல்லூரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிங் இடத்தைத் திறந்து விட வேண்டும், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊர் ரோட்டில் ஓட்டிப் பார்க்க நினைக்கவே கூடாது.

கோவையைப் பாருங்கள். எஸ்.கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்து அங்கேயே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் ஆரம்ப காலத்தில் அந்த வகைக் காரை ஓட்டியவர்தான். செட்டிபாளையத்து ஓடுபாதைக்கு அந்தக் கரிவரதன் பெயர்தான். பட்டறையும் பந்தயமும் சேர்ந்து வளர்ந்த ஊர் அது. இங்கே பட்டறை இருக்கிறது, பிள்ளைகளும் வந்து விட்டார்கள். உங்கள் நிருபர் ஜனவரியில் முடிவு தெரிந்த பிறகு மட்டும் வராமல், ஐப்பசி மழையில் அவர்கள் பைப் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை வந்து பார்த்து எழுத வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை புது வரைபடம் வந்தது. மூலைகளை வளைத்திருக்கிறார்கள், தகடும் இரண்டு மில்லி கூடியிருக்கிறது. ஒரு போல்ட் ஓட்டை விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது. இந்தத் தடவை சொல்லி விட்டேன். மாற்றி வரைந்து கொண்டு வருகிறோம் என்று போயிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
லேத் பட்டறை வாசகர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.