வெறுந்தரை ஆக்குவதா துப்புரவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் தோட்டத்துப் புதர்களை அகற்றச் சொல்லி அறிவிப்பு வருவதும், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உரிமையாளர்கள் தொலைபேசியிலேயே பொக்லைனுக்குச் சொல்லி ஒரே நாளில் செம்மண் தெரிய வழித்தெடுத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டன. அடுத்த மழைக்கு அந்தத் தரையில் முதலில் முளைப்பவை பார்த்தீனியமும் சீமைக் கருவேலமுமே. கருவேலத்தை வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்காமல் மேலாக ஒடித்துவிட்டால், ஒன்று இருந்த இடத்தில் நாலைந்து தளிர்கள் கிளம்பும்.

கானாடுகாத்தானுக்கு அருகில் ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து குடும்பங்களுக்கு, பொதுவான எங்கள் வீட்டின் பின்கட்டுக்கு அப்பால், கிணற்றை ஒட்டி ஏறத்தாழ 20 சென்ட் நிலம் இப்படித்தான் கிடந்தது. பங்காளிகளைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மண்வேலை அதைவிட எளிது. மாசியில் ஆள் வைத்துக் கருவேலத்தை மட்டும் கட்டையோடு தோண்டினோம். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே கையுறை அணிந்து பிடுங்கினோம். எருக்கு, துத்தி, கொழுஞ்சி, நொச்சி ஆகியவற்றைத் தொடவில்லை. ஆவாரை விதையின் தோல் கெட்டியானது என்பதால் சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, ஆவணிக் கடைசியில் விதைத்தோம். நிழல் விலகியதும் தும்பையும் விஷ்ணுகிராந்தியும் விதைக்காமலேயே வந்தன.

இரண்டாம் ஆண்டில் ஆவாரை பூத்தது. காலை வெயிலில் பெரிய கருவண்டு ஒன்று பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து ரீங்கரிக்க, மகரந்தம் அதன் வயிற்றில் மஞ்சளாக உதிர்கிறது. எருக்கிலையைத் திருப்பினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளுடன் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைத் தின்றுகொண்டிருக்கிறது. புழு பிடித்த செடி என்று அதை வெட்டியிருந்தால் வண்ணத்துப்பூச்சி எங்கிருந்து வரும்?

பாம்பு அடையும் என்று பக்கத்து வீட்டு ஆச்சி அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆகவே சுவரை ஒட்டி நான்கடி அகலத்துக்குச் செடி வைக்காமல் பெருக்கி வைத்திருக்கிறோம். எலிகளுக்கு இடம் கொடுத்துவந்த பழைய ஓட்டுக் குவியலையும் விறகையும் அப்புறப்படுத்தினோம். செங்காந்தள் வைக்கும் ஆசை இருந்தும், அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதால் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் வேண்டாமென விட்டுவிட்டோம்.

பொங்கலுக்குக் கண்ணுப்பீளையையும் ஆவாரம்பூவையும் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிற நாம், அவற்றையே நம் தோட்டத்தில் களை என்று கூலி கொடுத்து அழிக்கிறோம்! உள்ளாட்சி அமைப்புகள் அனுப்பும் அறிவிப்பில் ‘புதர்’ என்று பொதுவாக எழுதாமல், அகற்ற வேண்டியவை சீமைக் கருவேலம், பார்த்தீனியம், உண்ணிச்செடி எனப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். அரசு நாற்றங்கால்களும் குரோட்டன்ஸ், அலமாண்டாவோடு ஆவாரை, நொச்சி, வெட்சி நாற்றுகளையும் விற்பனைக்கு வைக்க வேண்டும்.

எங்கள் ஆவாரையில் இப்போது நெற்று காய்ந்துகொண்டிருக்கிறது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டால் விதை கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செட்டிநாடு.