வேலி மெஷினுக்குக் கிலோமீட்டர் கணக்கு வேண்டாம்

ஆசிரியருக்கு,

ஆடு மாடுகளுக்கு மின்வேலி போடுகிறவர்கள் கம்பி எத்தனை வரிசை, கால் எத்தனை அடிக்கு ஒன்று என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், ஆனால் ஷாக் கொடுக்கிற எனர்ஜைசரை மட்டும் பெட்டியில் '10 கி.மீ.', '20 கி.மீ.' என்று போட்டிருப்பதைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கிலோமீட்டர் பெரும்பாலும் ஒற்றைக் கம்பிக்கு, அதுவும் புல் பூண்டு எதுவும் தொடாத கம்பிக்குச் சொல்லும் கணக்கு. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் நாலு வரிசை கட்டினாலே கம்பி நாலு கிலோமீட்டர் ஆகிவிடும். மழைக்குப் பிறகு செடிகொடி ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பார்க்க வேண்டியது ஜூல், அதாவது ஒவ்வொரு ஷாக்கிலும் உள்ள ஆற்றலின் அளவு. அதிலும் இரண்டு உண்டு: மெஷினுக்குள் சேமிக்கும் ஜூல், வேலிக்கு வெளியே வரும் ஜூல். முதல் எண் எப்போதும் பெரிது, விளம்பரத்தில் வருவதும் பல சமயம் அதுதான். 'அவுட்புட் எத்தனை ஜூல்?' என்று கேட்டு, பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

வோல்ட்டையும் மெஷின் வாயில் அளந்து திருப்திப்படக் கூடாது, வேலியின் கடைசி முனையில் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மாட்டுக்கு அங்கே 2,000 முதல் 3,000 வோல்ட் இருந்தால் போதும். ரோமம் அடர்ந்த செம்மறிக்கும், எதற்கும் அடங்காத வெள்ளாட்டுக்கும் 4,000 ஆவது வேண்டும்.

அப்புறம் எர்த். மெஷின் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பலவற்றின் உண்மையான கோளாறு இங்கேதான். ஆடு நிற்கும் மண் வழியாகக் கரண்ட் மெஷினுக்குத் திரும்பினால்தான் ஷாக். ஒரு முழக் கம்பியை மண்ணில் செருகிவிட்டு ஷாக் இல்லையே என்றால் எப்படி? ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து, இரண்டு மீட்டர் நீளத்தில் மூன்று கம்பிகளாவது, மூன்று மீட்டர் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும், வீட்டு எர்த்திலிருந்து தள்ளி. சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம்: மெஷினை அணைத்துவிட்டு, நூறு மீட்டர் தள்ளி இரும்புக் கம்பிகளை வேலிமேல் சாய்த்து மண்ணில் ஊன்றி, மறுபடி போட்டு வேலியின் வோல்ட்டை 2,000-க்குக் கீழே இறக்குங்கள். அப்போது எர்த் கம்பியில் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் கம்பி அடிக்க வேண்டும்.

மின் இணைப்பு பக்கத்தில் இருந்தால் அதில் ஓடும் எனர்ஜைசரே தொல்லை இல்லாதது. இல்லாத இடத்துக்கு சோலார் சரி, ஆனால் சில நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்கும் பேட்டரி வேண்டும். மெஷினே இல்லாமல் வீட்டு லைனை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலை, அதில் பேச்சே இல்லை. எனர்ஜைசர் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம்தான் அடிக்கும், அந்த இடைவெளியில் தொட்டவர் கையை எடுத்துவிடலாம். நேர் லைன் அந்த இடைவெளியைத் தராது.

தயாரிப்பாளர்கள் கிலோமீட்டரைச் சின்ன எழுத்திலும் அவுட்புட் ஜூலைப் பெரிய எழுத்திலும் போட வேண்டும். உங்கள் விவசாயப் பக்கத்தில் மெஷின்களைப் பற்றி எழுதும்போதும் அந்த எண்ணையே கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்