அச்சுக்குப் போகும் முன் ஒரு சொல்

கிருஷ்ணகிரி,
மாசி 8

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் ஆண்டு விழா அழைப்பிதழின் புரூஃபும் வந்து சேர்ந்தன. இங்கே மாமரங்களில் பூ முடிந்து பிஞ்சு பிடிக்கிற நேரம். உங்கள் பக்கம் புளி உலுக்க ஆரம்பித்துவிட்டார்களா? அதைச் சாவகாசமாக எழுது. முதலில் புரூஃப்.

சிறப்பு விருந்தினர் பெயருக்கு மேலே ‘இம்மினென்ட் எஜுகேஷனிஸ்ட்’ என்று விழுந்திருக்கிறது. நீ எழுதிக் கொடுத்தது ‘எமினென்ட்’ ஆகத்தான் இருக்கும். அச்சகத்துக் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டிருக்காது, இரண்டுமே ஆங்கிலத்தில் உள்ள சொற்கள்தானே. எமினென்ட் என்றால் தன் துறையில் ஓங்கி நிற்பவர். இம்மினென்ட் என்றால் இதோ நேரப்போவது, அதுவும் பெரும்பாலும் கெட்டது. இப்படியே அச்சானால் புயல் எச்சரிக்கை விடுகிற மாதிரி விருந்தினரை அறிவிப்பதாக ஆகிவிடும்.

பிளஸ் டூ பிள்ளைகள் வருஷா வருஷம் இதில் தடுக்கி விழுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். என் கணக்கில் குற்றம் நோட்ஸில் இருக்கிறது. ‘எமினென்ட் – புகழ்பெற்ற’ என்று ஒரே சொல்லில் பொருள் கொடுத்துவிடுகிறோம். பிள்ளை உடனே ‘எமினென்ட் பிரியாணி கடை’ என்று எழுதுகிறது. புகழ்பெற்ற கடைதானே, அதன்மேல் என்ன தப்பு?

பொருளுக்குப் பதிலாகப் படத்தைக் கொடுத்துப் பார். லத்தீனில் ‘மினேரே’ என்றால் துருத்தி நிற்பது. முன்னால் ‘எ’ சேர்ந்தால் வெளியே துருத்தி எழுவது, அதுதான் எமினென்ட். ‘இன்’ சேர்ந்தால் தலைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பது, அது இம்மினென்ட். ‘ப்ரோ’ சேர்ந்தால் முன்பக்கம் துருத்துவது, ப்ராமினென்ட். எங்கள் ஊர்க் கோட்டை மலையை நினைத்துக்கொள். தூரத்தில் பஸ்ஸில் வரும்போதே சுற்றியுள்ள தரையிலிருந்து மலை எழும்பித் தெரிகிறதே, அது எமினென்ட். அதே மலையடியில், சாய்ந்து நிற்கும் ஒரு பாறைக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தால் வயிறு கலங்குமே, அது இம்மினென்ட்.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமானால் உள்ளங்கையை விரிக்கச் சொல். கட்டைவிரலின் அடியில் சதை மேடாக இருக்கிறதல்லவா, அதற்கு மருத்துவப் புத்தகங்களில் ‘தீனார் எமினென்ஸ்’ என்று பெயர். அதில் புகழும் இல்லை, பட்டமும் இல்லை. மேடு, அவ்வளவே. தமிழில் ‘மேம்பட்ட’ என்பதிலும் இந்த ‘மேல்’ தானே ஒளிந்திருக்கிறது.

எழுத்துப் பிழையும் இதிலேயே தீர்ந்துவிடும். ‘இன்’னில் உள்ள ‘என்’, அடுத்து வரும் ‘எம்’மோடு சேர்ந்து தானும் ‘எம்’ ஆகிவிடுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகிற மாதிரி. அதனால் இம்மினென்டில் இரண்டு ‘எம்’. எமினென்டில் அந்தப் புணர்ச்சிக்கு வேலையே இல்லை, ஒரே ‘எம்’. மூன்றாவதாக ‘இம்மனென்ட்’ என்று ஒன்று தத்துவப் புத்தகங்களில் வரும். அது வேறு வேர்: தங்கியிருத்தல். தூணிலும் துரும்பிலும் இருப்பவனுக்குச் சரியான சொல். ‘பெர்மனென்ட்’டின் கடைசி ஆறு எழுத்தும் இதன் கடைசி ஆறு எழுத்தும் ஒன்றே என்று காட்டிவிட்டால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

உச்சரிப்பில் ஒரு சங்கதி. எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் நம் நாக்கு தானாக ஒரு யகரத்தைச் சேர்த்து ‘யெமினென்ட்’ ஆக்கிவிடும். காதில் யகரம் விழுந்ததும் கை ‘ஆன்’ போடாமல் ‘ஏ எமினென்ட் டாக்டர்’ என்று எழுதிவிடும். ஆர்ட்டிகிளை மட்டும் சிவப்பு மையில் திருத்திப் பயனில்லை. வாயைத் திருத்து, ‘ஆன்’ தானே வரும். அழுத்தம் முதல் அசையில்.

யாருக்குப் போடலாம்? அதே தொழிலில் இருக்கிற மற்றவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்களா என்று கேட்டுப் பார். விஞ்ஞானி, வழக்கறிஞர், வரலாற்றாசிரியர், அறுவை மருத்துவர் என்றால் பொருந்தும். வெறுமனே ஊருக்கெல்லாம் தெரிந்தவர் என்றால் ‘ஃபேமஸ்’ போதும். தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியை ‘ஆன் எமினென்ட் ஸ்டேட்ஸ்மேன்’ என்று எழுதச் சொல். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. தகடூர் அதியமானுக்கு அது ஒட்டாது, ‘இல்லஸ்ட்ரியஸ்’ தான் ஒட்டும். அதன் வேரில் வெளிச்சம் இருக்கிறது, அரச மரபுக்கும் பழம்பெருமைக்கும் அழகாகப் பொருந்தும்.

‘டிஸ்டிங்விஷ்டு’ எங்கே என்று கேட்டிருந்தாய். அது அரசாங்கத்துக்குப் பிடித்த சொல். பத்மஸ்ரீக்கு ‘டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ்’, பத்மபூஷணுக்கு அதிலேயே உயர்ந்த தரம், பத்மவிபூஷணுக்கு ‘எக்ஸெப்ஷனல்’ என்பதும் சேரும். உச்ச நீதிமன்ற நீதிபதி ஆவதற்கான தகுதிகளைச் சொல்லும் அரசியலமைப்பின் 124(3) பிரிவிலும் ‘டிஸ்டிங்விஷ்டு ஜூரிஸ்ட்’, அதாவது சிறந்த சட்ட அறிஞர், என்றே இருக்கிறது. சேவைக்கும் பணிக்காலத்துக்கும் சபைக்கும்கூட இதைப் போடலாம். எமினென்ட் பெரும்பாலும் ஆளுக்குத்தான். ஒன்று கவனி: பின்னால் ‘ஃப்ரம்’ வந்தால் மரியாதை போய்விடும், ‘வேறுபடுத்தப்பட்ட’ என்ற பொருள்தான் நிற்கும்.

‘எமினென்ட்லி’ என்று வால் நீண்டால் புகழ் முழுக்கக் கழன்றுவிடும். ‘எமினென்ட்லி சூட்டபிள்’ என்றால் ‘ரொம்பப் பொருத்தம்’, வேறொன்றும் இல்லை.

ஓசூர்ப் பக்கம் நிலம் கையகப்படுத்தும் செய்திகளில் ‘எமினென்ட் டொமைன்’ என்று வரும். ‘புகழ்பெற்ற களம்’ என்று எந்தப் பிள்ளையாவது மொழிபெயர்த்தால் சிரிக்காதே, நாம் கொடுத்த பொருள்தான் அது. தனியார் நிலத்தின்மேல் அரசுக்கு இருக்கும் மேலுரிமை என்று சொல். 1625-இல் ஹ்யூகோ குரோஷியஸ் என்ற டச்சுச் சட்ட அறிஞர் லத்தீனில் போட்ட பெயர். அந்த உரிமையின்படி நிலம் எடுக்க இங்கே முன்பு 1894-ஆம் வருஷச் சட்டம் இருந்தது, இப்போது 2013-ஆம் வருஷச் சட்டம்.

அழைப்பிதழில் ‘எமினென்ட்’ என்று திருத்திவிட்டேன். கீழே ‘வெரி எமினென்ட் அண்ட் ஃபேமஸ்’ என்று இன்னொரு வரி இருந்தது, அதை அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. தலைவர் பெயருக்கு முன்னாலும் எமினென்ட் போட்டிருக்கிறாய். ஒரே தாளில் இரண்டு பேருக்கு அது வேண்டாம், ஒருவருக்கு ‘டிஸ்டிங்விஷ்டு’ கொடு. அடுத்த புரூஃபை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் சனிக்கிழமையே பார்த்து அனுப்பிவிடுகிறேன். வரும்போது கொட்டை எடுத்த புளி ரெண்டு கிலோ.

உன்,
சண்முகம்